கம்பியில் குத்திய கடிதம்

7

“இது மை இல்லை, தந்தி. ஓட்டை.”

ஆபீசர் அந்த நகல் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்திருந்தார். தந்தி தையல் இயந்திரத்தின் மேல் சாய்ந்துகொண்டு எட்டிப் பார்த்தாள். தாளின் நட்ட நடுவே, மிளகளவில் ஒரு கறுப்புப் புள்ளி.

“கண்ணாடியை மாத்துங்கன்னு போன வருஷமே சொன்னேன் ஆபீசர். நகல் எடுக்கறப்போ ஈ உக்காந்திருக்கும்.”

“ரெண்டு தாள்லயும் ஒரே இடத்துலயா?” இரண்டாவது தாளையும் அவள் மூக்குக்கு நேரே நீட்டினார். அதே நடு. அதே புள்ளி.

“ரொம்ப ஒழுக்கமான ஈ.”

ஆபீசர் சிரிக்கவில்லை. அவர் சிரித்துத் தந்தி பார்த்ததில்லை. சுங்கத் துறையில் இருந்தபோது திறக்கக் கூடாத பெரிய மனிதர் ஒருவரின் பெட்டியைத் திறந்துவிட்டார். பெட்டி மூடிக்கொண்டது, அவர் வேலை போய்விட்டது. பதினோரு வருஷமாகச் சைக்கிள் கடை மாடியில் ஒற்றை அறையில் துப்பறிந்து வயிறு கழுவுகிறார். ஆபீஸ் போனாலும் ‘ஆபீசர்’ மட்டும் ஒட்டிக்கொண்டது. தந்தி அவருக்கு உதவியாளர். தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்தவள். அவள் செய்த வேலையை ஒரு இயந்திரம் வாய் பேசாமல் செய்ததால் அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது அந்த வாய்க்கு ஆபீசர்தான் பலி.

அவர்கள் நின்றுகொண்டிருந்தது ஒரு தையற்காரியின் வீட்டு முன்னறை. வெட்டிய துணிகள் ஒரு மூலையில் அப்படியே கிடந்தன. மூன்று வாரமாக யாரும் துணி கொண்டு வரவில்லை. கொடுத்திருந்தவர்களும் வந்து திரும்ப வாங்கிப் போய்விட்டார்கள். உள்ளறையில் தையற்காரியின் அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்தார். அவர் மூச்சு விடும் சத்தம் முன்னறை வரை கேட்டது.

தையற்காரியின் புருஷன் மொழிபெயர்ப்பாளர். ஊருக்கு வடக்கே ஓடும் ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு நாடு, அந்தப் பக்கம் இன்னொரு நாடு. இரண்டும் ஒன்றின் முகத்தில் ஒன்று விழிக்காத நாடுகள். நடுவே ஒரே ஒரு பாலம். அக்கரையிலிருந்து வரும் லாரிகளின் காகிதங்களைப் பாலத்துச் சோதனைச் சாவடியில் உட்கார்ந்து இந்த மொழிக்கு மாற்றுவதுதான் அவருக்குப் பத்து வருஷ வேலை. மூன்று வாரத்துக்குச் சற்று முன்பு, போன மாசம் எட்டாம் தேதி, அக்கரை சிமெண்ட் லாரி ஒன்றின் இருக்கைக்கு அடியில் இந்தக் கடிதம் கிடைத்தது. அக்கரை மொழியில் இரண்டு தாள். பாலத்தை வெடி வைத்துத் தகர்ப்பது எப்படி என்று முதல் தாளில். சாவடியில் நம் ஆள் மொழிபெயர்ப்பாளர், லாரியைப் பிரிக்காமல் அனுப்பிவிடுவார் என்று இரண்டாவது தாளில்.

அன்று மாலையே பாலம் மூடப்பட்டது. அக்கரை சிமெண்டுக்குத் தடை. பதிலுக்கு அக்கரையில் நம் சர்க்கரைக்குத் தடை. இரு கரையிலும் கொடி பிடித்துத் தொண்டை கிழியக் கத்தினார்கள். மொழிபெயர்ப்பாளர் உள்ளே போனார். நாளைக் காலை பத்து மணிக்குச் சிறப்புத் தீர்ப்பாயம். துரோகம் என்று தீர்ப்பானால் தூக்கு.

“ஓட்டைன்னா என்ன சார்?” என்று கேட்டாள் தையற்காரி. அழுது முடித்த குரல் அது. “வக்கீல் அதைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே.”

“அவர் எழுத்தைப் படிச்சார்மா. காகிதத்தைப் பார்க்கலை. அசலைக் கறுப்பு அட்டை மேல வெச்சு நகல் எடுத்திருக்காங்க. ஓட்டை வழியா அட்டை தெரியுது.” ஆபீசர் தந்தியின் பக்கம் திரும்பினார். “அரசாங்க ஆபீஸ்ல காகிதத்துக்கு எங்க ஓட்டை போடுவாங்க?”

“மூலையில. நாடா கோர்க்க.”

“ராணுவத்துல?”

“குண்டூசி. அதுவும் மூலையில.”

“அப்போ காகிதத்தை வயித்துல குத்தறவன் யாரு?”

“எங்க மாமியார்.” ஆபீசரின் பார்வையைக் கண்டதும் தந்தி வாயைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவள் கண் விரிந்தது. “கம்பி! சீட்டெல்லாம் குத்தி வெப்பாங்களே, முனை வளைஞ்சு, அடியில தகர வட்டம் வெச்ச கம்பி. மண்ணெண்ணெய்க் கடையில, மரக்கடையில, எடைமேடையில…”

“எந்த ஒற்றனாவது ரகசியக் கடிதத்தைக் கம்பியில குத்துவானா?”

“குத்த மாட்டான்.”

“அப்போ குத்தினவனுக்கு அது ரகசியம்னு தெரியாது. கைப்பழக்கத்துல குத்தியிருக்கான்.” ஆபீசர் தையற்காரியைப் பார்த்தார். “அம்மா, உங்க வீட்டுக்காரருக்கு யார்கூடவாவது தகராறு உண்டா?”

“அவருக்கா? பால்காரரோடகூடச் சண்டை போட மாட்டார் சார்.” அவள் யோசித்தாள். “ரெண்டு மாசம் முன்னால ஒருத்தர் வந்தார். இதோ, இந்த நாற்காலியிலதான் உக்காந்தார். அக்கரை சிமெண்டோட தரச் சான்றிதழ்ல ஒரே ஒரு வார்த்தையை மாத்தி எழுதித் தரணும்னார். ‘உறுதியானது’ங்கிறதை ‘உறுதியற்றது’ன்னு. இவர் முடியாதுன்னுட்டார். அதுக்கு அவர் கோபப்படலை. சிரிச்சார். வாசல் வரைக்கும் சிரிச்சுக்கிட்டே போனார்.”

“யாருன்னு சொன்னாரா?”

“சிமெண்ட் கம்பெனி சின்ன முதலாளி.”

ஆபீசர் நகலை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். “கிளம்பு தந்தி. எடைமேடைக்குப் போறோம்.”

“என்னை எடை போடறதுன்னா நான் வரலை.”

*

சிமெண்ட் ஆலை ஊரின் தெற்கு எல்லையில் இருந்தது. ஆபீசரின் ஸ்கூட்டர் நெருங்க நெருங்க மரங்களின் நிறம் மாறியது. இலைகள் எல்லாம் சாம்பல். பச்சை என்ற ஒன்று உலகத்தில் இருந்ததற்கே அடையாளம் இல்லை. தந்திக்கு ஏனோ ஆறு ஞாபகம் வந்தது. அக்கரை மரங்களும் இதே சாம்பல்தானே என்று நினைத்துக்கொண்டாள். அங்கேயும் ஒரு ஆலை, அங்கேயும் ஒரு புகைபோக்கி. காற்றடித்தால் இரண்டு நாட்டுத் தூசியும் ஆற்றின் மேல் சேர்ந்துதான் பறக்கும். அதற்கு யாரும் தடை போட்டதாகத் தெரியவில்லை.

வாசலில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. எடைமேடையை ஒட்டிய தகரக் கொட்டகைக்குள் எடைக்காரர் உட்கார்ந்திருந்தார். அவருடைய மீசை, புருவம், காது மடல் எல்லாம் வெள்ளை. மேசை மேல் ஒரு கம்பி. பின்சுவரில் ஆணி அடித்து, நிரம்பிய கம்பிகள் மாச வாரியாகத் தொங்கின.

“அண்ணே!” என்று உள்ளே நுழைந்தாள் தந்தி. “எங்க தம்பிக்கு இங்க ஏதாவது வேலை இருக்குமா? மனு எழுதிக் கொண்டு வந்திருக்கேன்.”

“மேனேஜரைப் பாரும்மா.”

“அவர் விரட்டிட்டார். நீங்க ஒரு வார்த்தை சொன்னா…” என்றபடி தாளை மேசை மேல் வைத்தாள். வெளியே லாரி ஒன்று ஏறியது. எடைக்காரர் முள்ளைப் பார்த்தபடியே சீட்டு எழுதினார், டிரைவரிடம் ஒன்றை நீட்டினார், மற்றதைக் கம்பியில் குத்தினார். அதே வீச்சில் கை மேசைக்குத் திரும்பியது. தந்தியின் மனுவை எடுத்தது. கம்பி முனையில் வைத்து அழுத்தியது.

“ஐயய்யோ! எங்க தம்பியை வயித்துலயே குத்திட்டீங்களே!”

எடைக்காரர் கையைப் பார்த்துக்கொண்டு நெளிந்தார். “மன்னிச்சுக்கம்மா. இருபத்திரண்டு வருஷப் பழக்கம். மேசைக்கு எது வந்தாலும் கை தானா குத்திடும். எங்க பொண்ணோட மார்க் ஷீட்டைக்கூடக் குத்திட்டேன். ஒரு வாரம் என்கிட்ட பேசலை அவ.”

கதவோரம் நின்றிருந்த ஆபீசர் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

“சின்ன முதலாளி எத்தனை நாள் பேசலை?”

எடைக்காரரின் பேனா அப்படியே நின்றது.

“நீங்க யாரு?”

“வேலை போனவன். உங்களுக்கும் போகக் கூடாதுன்னு நினைக்கறவன். சொல்லுங்க.”

வெளியே அடுத்த லாரி ஹாரன் அடித்தது. எடைக்காரர் தலையை ஆட்டி அதை நிற்கச் சொன்னார். ரொம்ப நாளாக யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று இருந்த மனிதர் போலிருந்தது.

“நான் என்ன சார் தப்புப் பண்ணினேன்? போன் வந்துச்சுன்னு சின்ன முதலாளி இங்க வந்தார். கையில இருந்த காகிதத்தை மேசை மேல வெச்சுட்டு, போனை வெளியே இழுத்துக்கிட்டுப் போய்ப் பேசினார். அப்படியே கார்ல ஏறிப் போயிட்டார். எனக்கென்ன தெரியும், குத்திட்டேன். மத்தியானம் ஓடி வந்தார். கம்பியைப் பிடுங்கினார். அவர் வாயில வந்த வார்த்தை… அத்தனை டிரைவர் முன்னாலயும். எங்க அப்பா வரைக்கும் இழுத்தார்.”

“என்ன எழுதியிருந்துச்சு?”

“நமக்குப் புரியாத எழுத்து சார். அக்கரை எழுத்து மாதிரி இருந்துச்சு.”

“எந்தத் தேதி?”

“அது ஞாபகம் இல்லை. போன மாசம்.”

ஆபீசர் சுவரில் தொங்கிய கடைசிக் கம்பியைக் கழற்றினார். சீட்டுகளை விரலால் நகர்த்தி எண்களைப் படித்துக்கொண்டே வந்தார். தந்தி அவர் தோளுக்கு மேல் பார்த்தாள். அடியிலிருந்து மேலே எண்கள் வரிசையாக ஏறின. இருநூற்றுப் பத்து, பதினொன்று, பன்னிரண்டு. அடுத்து இருநூற்று முப்பத்தொன்று.

“முப்பத்தொண்ணா?” என்றாள் தந்தி.

“அப்புறம் முப்பது. இருபத்தொன்பது. இருபத்தெட்டு.” ஆபீசரின் குரலில் அபூர்வமாக ஒரு சூடு ஏறியது. “இறங்கிக்கிட்டே வருது பார். பதிமூணு வரைக்கும். அதுக்கு மேல முப்பத்திரண்டு, முப்பத்து மூணுன்னு மறுபடி ஒழுங்கு.”

“நடுவுல பத்தொன்பது சீட்டு மட்டும் தலைகீழா நிக்குது.”

“கம்பி நடுவுல மாட்டின காகிதத்தை எடுக்கணும்னா மேல இருக்கறதை ஒண்ணொண்ணாக் கழட்டணும். கழட்டிக் கழட்டி மேசையில ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கினார். காகிதம் கிடைச்சதும் அந்த அடுக்கை அப்படியே திரும்பக் குத்தினார். கடைசிச் சீட்டு அடியில போயிடுச்சு, முதல் சீட்டு மேல வந்துடுச்சு. இருபத்திரண்டு வருஷம் கம்பியோட வாழ்ந்தவர் இப்படிக் குத்துவாரா?”

“சத்தியமா மாட்டேன்,” என்றார் எடைக்காரர், அவமானப்பட்டவராக.

ஆபீசர் தலைகீழ்ச் சீட்டு ஒன்றின் மேல் விரலை வைத்தார். “தேதி?”

தந்தி படித்தாள். “நாலு.”

நாலாம் தேதி இந்தக் கொட்டகையில் குத்துப்பட்ட கடிதம் எட்டாம் தேதி அக்கரை லாரியில் ‘அகப்பட்டது’. தந்திக்குக் கை தட்டத் தோன்றியது.

“அண்ணே, இதைத் தீர்ப்பாயத்துல வந்து சொல்வீங்களா?”

எடைக்காரர் வெளியே நின்ற லாரிகளைப் பார்த்தார். எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். தூசி பறந்தது.

“பொண்ணு படிக்குதும்மா. நான் எங்கேயும் வர மாட்டேன். இப்போ டீ குடிக்கப் போறேன். சுவத்துல எத்தனை கம்பி தொங்குதுன்னு நான் ஒரு நாளும் எண்ணினது கிடையாது.”

*

“வெளியுறவுத் துறை வழியா வராத எந்த ஆதாரத்தையும் தீர்ப்பாயம் தொடாது,” என்று வக்கீல் போனில் சொல்லிவிட்டார். துறைச் செயலாளரைப் பார்க்க இரண்டு வாரமாக மனுப் போட்டுக் காத்திருக்கிறாராம் அவர்.

தந்தி மூக்கைப் பிடித்துக்கொண்டு செயலாளரின் அலுவலகத்துக்குப் போன் போட்டாள். பழைய தொழில், குரல் தானாக வழுக்கியது. வைத்துவிட்டுத் திரும்பினாள்.

“பத்து நிமிஷத்துல வரச் சொல்லிட்டாங்க.”

“யார் பேர் சொன்னே? மந்திரி பேரா?”

“மந்திரி பேர் சொல்லியிருந்தா அடுத்த வாரம் வரச் சொல்லியிருப்பாங்க. சிமெண்ட் கம்பெனி சின்ன முதலாளி ஆபீஸ்னு சொன்னேன்.”

ஆபீசர் நடையை நிறுத்தினார். ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு மறுபடி நடந்தார்.

செயலாளரின் அறையில் சத்தமே எழவில்லை. காலடியில் அத்தனை தடிமனான கம்பளம். சுவரில் இரண்டு நாடுகளும் உள்ள வரைபடம்; நடுவே ஆறு ஒரு நீல நூல். செயலாளர் வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். வந்தவர்கள் சின்ன முதலாளியின் ஆட்கள் இல்லை என்று தெரிந்தும் அவர் கோபப்படவில்லை. ஆபீசர் கம்பியை மேசை மேல் வைத்துக் கதை முழுக்கச் சொல்லும் வரை குறுக்கிடவும் இல்லை.

“அழகு,” என்றார் முடிந்ததும். “நிஜமாவே சொல்றேன். எங்க ஆளுங்க அந்தப் புள்ளியைக் கவனிக்கவே இல்லை.”

“அப்போ அவரை விட்டுடுவீங்களா?”

“விட்டுடுவோம். திங்கட்கிழமை. அன்னிக்குப் பாலமும் திறக்குது.”

தந்தி வாயைப் பிளந்தாள். “நாங்க கண்டுபிடிச்சது இப்பதானே சார்? அதுக்குள்ள பாலம் திறக்க முடிவு பண்ணிட்டீங்களா?”

“அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைம்மா.” செயலாளர் ஆபீசரிடம் திரும்பினார். “பாலத்தை எதுக்கு மூடினாங்கன்னு நினைக்கறீங்க?”

“வெளிச் சிமெண்டு வராம இருந்தா உள்ளூர்ச் சிமெண்டு விலை ஏறும்.”

“அது கைச்செலவுக்கு. மூணு வாரம் ஒரு மூட்டைகூட வெளியே போகலைன்னா அக்கரை ஆலை என்ன ஆகும்? சரக்கு குவிஞ்சு, அடுப்பு அணைஞ்சு, ஆலையையே வித்துடலாம்னு தோணும் இல்லையா? போன வெள்ளிக்கிழமை வித்துட்டாங்க. வாங்கினது யாருன்னு நான் சொல்லணுமா?”

வெளியே எங்கோ ஒரு தட்டச்சு இயந்திரம் ஓடியது.

“அக்கரை சர்க்கரை ஆலைக்காரரும் சும்மா இருக்கலை. நம்ம சர்க்கரை ஆலை ஒண்ணு அவர் கைக்குப் போயிடுச்சு. அது வரைக்கும் பாலம் மூடியிருக்கணும்னு ரெண்டு பேரும் ஒத்தைக்கால்ல நின்னாங்க. இனிமே மூடியிருந்தா நஷ்டம் அவங்களுக்குத்தான். அதனால ரெண்டு நாட்டுக்கும் நட்பு வந்துடுச்சு.”

“மூணு வாரமா கொடி பிடிச்சாங்களே ஜனங்க?” என்றாள் தந்தி.

“திங்கட்கிழமை வேற கொடி கொடுப்போம்.”

ஆபீசரின் முகம் கல்லாக இருந்தது. “நிரபராதின்னு சொல்லி விடுவீங்களா?”

“அதான் சிக்கல்.” செயலாளர் வெந்நீரைக் கீழே வைத்தார். “நட்புக்கு அடையாளமா ஆளுக்கு ஒரு ஒற்றனைத் திருப்பிக் கொடுக்கறதா ஒப்பந்தம். அவங்க பிடிச்சு வெச்சிருக்கறது நம்ம லாரி டிரைவர் ஒருத்தரை. தடை வந்த அன்னிக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டார். பதிலுக்கு நாம ஒருத்தரைக் கொடுக்கணும். நம்மகிட்ட இருக்கறது மொழிபெயர்ப்பாளர்.”

“அவர் இந்த ஊர்க்காரர்! அவங்க ஒற்றனே இல்லை. அவங்களுக்கே அது தெரியுமே!”

“அந்த டிரைவரும் நம்ம ஒற்றன் இல்லைம்மா. எங்களுக்கு அவரை யாருன்னே தெரியாது. அவர் பாட்டுக்கு சர்க்கரை ஏத்திக்கிட்டுப் போனார்.” செயலாளரின் குரல் கடைசி வரை உயரவில்லை. “நீங்க இந்தக் கம்பியைத் தீர்ப்பாயத்துக்குக் கொண்டு போகலாம், நான் தடுக்க மாட்டேன். மூணு நீதிபதிகள். ரெண்டு பேர் யார் வீட்டு விருந்துக்குப் போறவங்கன்னு உங்களுக்கே தெரியும். ஒருவேளை ஜெயிச்சாலும், நம்ம கையில கொடுக்க ஒற்றன் இல்லை. அங்க அந்த டிரைவரைத் தூக்குல போடுவாங்க. மொழிபெயர்ப்பாளர் நாளைக்கு ‘ஆமாம்’னு கையெழுத்துப் போட்டா ரெண்டு பேரும் உயிரோட இருப்பாங்க. ஆனா அவர் அக்கரையில இருப்பார். திரும்ப வர முடியாது. குடும்பத்துக்கும் அங்க போக அனுமதி கிடைக்காது. வேண்டியதை யோசிச்சுச் சொல்லுங்க. அஞ்சு மணி வரைக்கும் இருப்பேன்.”

படியிறங்கும்போது தந்தி கேட்டாள். “ஆபீசர், நாம கண்டுபிடிச்சது அவருக்கு முன்னாலேயே தெரியுமா?”

“ஓட்டையைத் தவிர எல்லாம் தெரியும்.”

*

செயலாளர் சொன்னதையெல்லாம் கேட்டு முடித்த தையற்காரி கம்பியை மடியில் வைத்துக்கொண்டு சீட்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு வந்ததும் விரல் நின்றது.

“இதுக்கு மேலயா சார் இருந்துச்சு?”

“ஆமாம்மா.”

“இவ்வளவு தெளிவா இருக்கே. இதைப் பார்த்தா நம்ப மாட்டாங்களா?”

பொய் சொல்லிவிடுவார் என்று தந்தி ஒரு கணம் எதிர்பார்த்தாள். ஆபீசருக்கு அந்தப் பழக்கம் இல்லை.

“மாட்டாங்க. பத்துல ஒரு பங்கு வாய்ப்புகூட இல்லை. ஆனா நீங்க போராடலாம்னு சொன்னா, நான் கம்பியைத் தூக்கிக்கிட்டு வந்து நிக்கறேன். எனக்குப் போறதுக்கு இன்னொரு வேலை இல்லை.”

“அந்த டிரைவருக்கு யார் இருக்கா?”

அதைத் தந்தி வரும் வழியிலேயே விசாரித்திருந்தாள். பழைய சிநேகிதி ஒருத்தி இன்னும் தொலைபேசித் துறையில் இருந்தாள். “பொண்டாட்டி இருக்கா. ரெண்டு குழந்தை. தினமும் சாவடிக்கு வந்து ஏதாவது சேதி உண்டான்னு கேக்கறாளாம்.”

“பாத்திருக்கேன் அவளை.” தையற்காரி மெல்லச் சொன்னாள். “நான் போய் நிக்கற வரிசையிலதான் அவளும் நிப்பா. நான் யாருன்னு தெரிஞ்ச அன்னிக்கு என் மேல காறித் துப்பினா.”

உள்ளறையில் அப்பா ஏதோ முனகினார். அவள் எழுந்து போய் அவரைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டு வந்தாள். வந்தவள் உட்காரவில்லை.

“உயிரோட இருக்கட்டும் சார். எங்கேயாவது இருக்கட்டும்.”

“துரோகின்னு எழுதிக் கொடுத்துட்டுப் போறார்மா. அது உங்க தலையிலதான் விழும்.”

“இப்ப மட்டும் என்ன? யார் துணி கொடுக்கறா?” என்றாள். “கையெழுத்துப் போடச் சொல்லி நானே போய்ச் சொல்றேன். வேற யார் சொன்னாலும் போட மாட்டார். ஒரு வார்த்தையை மாத்தாத மனுஷன்.”

தந்தி கைக்குட்டையைத் தேடினாள். தையற்காரி கம்பியை எடுத்து அவளிடம் நீட்டினாள்.

“அக்கா, இதை எடுத்த இடத்துலயே மாட்டிடுங்க. அந்த மனுஷனுக்கு வேலை போயிடப் போகுது.”

*

திங்கட்கிழமை காலையில் பாலத்தின் மேல் வெயில் சுளீரென்று அடித்தது. இந்தக் கரையிலிருந்து அக்கரை அத்தனை பக்கம். கூப்பிட்டால் காதில் விழும். சாவடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் சர்க்கரை லாரிகள், அந்தப் பக்கம் சிமெண்ட் லாரிகள், எல்லாம் எஞ்சினை அணைக்காமல் உறுமிக்கொண்டு நின்றன. புதுக் கொடிகள் வந்திருந்தன. ஒரே கம்பில் இரண்டு நாட்டு நிறமும்.

தடுப்புக் கட்டையைப் பிடித்துக்கொண்டு தையற்காரி நின்றாள். இரு பக்கமும் ஆபீசரும் தந்தியும். சற்றுத் தள்ளி டிரைவரின் பொண்டாட்டி, இரண்டு குழந்தைகளோடு. அவள் இவர்கள் பக்கம் திரும்பவே இல்லை.

அக்கரை அதிகாரி டிரைவரை அழைத்துக்கொண்டு பாலத்தைக் கடந்து வந்தார். இந்தப் பக்கத்துக் கேப்டன் மொழிபெயர்ப்பாளரோடு பத்தடி முன்னால் போனார். இருவரும் எதிரெதிரே நின்று சல்யூட் அடித்தார்கள். கேப்டன் ஏதோ சொன்னார். அக்கரை அதிகாரிக்குப் புரியவில்லை. அவர் ஏதோ சொன்னார், கேப்டனுக்குப் புரியவில்லை. இரண்டு பேரும் சிப்பாய்களைத் திரும்பிப் பார்த்தார்கள். சிப்பாய்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“மொழி தெரிஞ்ச ஆள் யாருமில்லையா?” என்று கேப்டன் சாவடியைப் பார்த்துக் கத்தினார்.

சாவடியிலிருந்து ஒருவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். “இருந்த ஒரே ஆள் அவர்தான் சார்.”

கேப்டன் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, கையிலிருந்த தாளை அவரிடம் கொடுத்தார்.

மொழிபெயர்ப்பாளர் தாளைக் கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்தார். மூன்று வாரத்தில் அவர் கண்ணாடியை யாரோ உடைத்திருந்தார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு அக்கரை மொழியில் படிக்க ஆரம்பித்தார். நிறுத்தி நிதானமாக, ஒவ்வொரு வாக்கியமாக.

“என்ன சொல்றார்?” என்று தையற்காரி கேட்டாள். புருஷன் அந்த மொழியில் பேசி அவள் இதுவரை கேட்டதே இல்லை. “அக்கா, என்ன சொல்றார் அவர்?”

தந்தி ஆபீசரைப் பார்த்தாள். சுங்கத்தில் இருந்தபோது அவருக்கு அந்த மொழி கொஞ்சம் பழக்கம். ஆபீசர் ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“‘உங்கள் நாட்டு ஒற்றன் ஒருவனை உங்களிடம் ஒப்படைக்கிறோம்’னு சொல்றார்மா.”

அக்கரை அதிகாரி பதிலுக்கு ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர் கேப்டன் பக்கம் திரும்பினார். இந்த முறை குரல் தடுப்பு வரை தெளிவாகக் கேட்டது.

“இந்த ஆளை அவங்களுக்கு அடையாளம் தெரியலையாம் சார். ஆனா ஏத்துக்கறாங்களாம். எங்க தங்க வைக்கறதுன்னுதான் இன்னும் முடிவாகலையாம்.”

வரிசையில் முதலில் நின்ற லாரி ஹாரன் அடித்தது. அதைக் கேட்டு அக்கரையில் ஒன்று பதிலுக்கு அடித்தது. கேப்டன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“சீக்கிரம் ஆகட்டும்னு அவர்கிட்ட சொல்லு. லாரிங்க காத்துக்கிட்டு நிக்குது.”

மொழிபெயர்ப்பாளர் அதையும் அக்கரை மொழியில் சொன்னார். ஒரு வார்த்தை விடவில்லை. அக்கரை அதிகாரி தலையசைத்து, டிரைவரைக் கேப்டனிடம் விட்டுவிட்டு, அக்கரையை நோக்கி வேகமாக நடக்கத் தொடங்கினார். மொழிபெயர்ப்பாளரும் அவர் பின்னால் வேகமாக நடந்தார்.